கணினி அடைவுச் சேவையும் தொடர்புப் பிழைகளும்

பெயரை அறிந்த ஒருவன் அப்பெயர்க்குரிய பொருளையும் அறிய விழைதல் இயல்பு. அவ்விழைவை நிறைவேற்றுதற்பொருட்டு எழுந்தனவே நிகண்டும், அகராதியும், பள்ளிக்கூடத்து இடாப்பும், ரெலிபோன் புத்தகமும். நல்லூரில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த ஆறுமுக நாவலரவர்கள் 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்ற காலை அங்கு அச்சிற் பதிப்பித்த நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டுரை என்பதை நம் பழைய மாணவர் அறிவர். கற்பான் ஒருவனுக்கு முதற்கண் வேண்டுவது நம்பத்தகுந்த பெயரேடு என்பதை அப்பெரியார் நன்கு உணர்ந்திருந்தார் போலும்.

கணினி உலகிலும் அத்தகைய ஏடொன்று உண்டு. அதனை அடைவுச் சேவை என்பர். ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு வைத்தியசாலையில், ஒரு வங்கியில் உள்ளார் யாவர், அவரைக் கடவுச்சொற் கொண்டு அறிந்துகொள்வது எவ்வாறு, எவ்வெவ் வேலைக்கு அவர் உரியர் என்பனவெல்லாம் அவ்வேட்டிற் பதியப்பட்டிருக்கும். கடிதம் படிக்கும் மென்பொருளும், நூலகத்து மென்பொருளும், கம்பியில்லா இணைப்பும் தனித்தனி இடாப்பு வைத்திராது, வேண்டியபோதெல்லாம் அவ்வோர் ஏட்டையே வினாவி விடை பெறும். இக்கட்டுரைக்கண் வினாவும் மென்பொருளைச் சேவைபெறுநன் என்றும், விடை கூறும் பொறியைச் சேவையகம் என்றும் வழங்குவாம்.

ஏடு ஒன்றாயிருத்தல் பெரிதும் நன்று. ஆயின், அவ்வொன்றை எட்ட இயலாத வேளையில் விளையும் தீங்கும் பெரிது. விண்ணப்பங்களை ஏற்கும் இறுதி நாளில் மாணவனொருவன் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உட்புக முயல்கின்றான் என்க. ‘இப்பெயருடையார் எவருமிலர்’ என்று திரை கூறுகின்றது. உண்மையில் அவன் பெயர் ஏட்டில் இருக்கின்றது. ஏட்டை வைத்திருக்கும் பொறியோடு தொடர்பு அறுந்தமையே நேர்ந்தது. ‘எட்டவில்லை’ என்பதனை ‘இல்லை’ என்று மொழிபெயர்த்த மென்பொருளால் அம்மாணவன் ஓராண்டை இழத்தலுங் கூடும். ஆதலின், இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் மென்பொருள் இயற்றப் புகும் நம் இளைஞர்க்கு இன்றியமையாதது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

1. தோற்றமும் அமைப்பும்

உலகளாவிய கணினி அடைவுக்கென எக்ஸ்.500 என்னும் நியமம் 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அது விரிவாயினும், சிறிய கணினிகள் சுமத்தற்கரிய பாரமாயிருந்தது. அப்பாரத்தைக் குறைக்கும்பொருட்டு ரிம் ஹவ்ஸ், வெங்கிக் இயோங், ஸ்ரீவ் கில் என்னும் மூவர் வகுத்த எளிய நெறிமுறை 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவே எல்டாப் எனப்படுவது. அதன் மூன்றாம் பதிப்பு 1997இல் தோன்றி, 2006இல் திருத்தமுற்று, இன்றுகாறும் வழக்கில் இருக்கின்றது. விண்டோஸ் 2000 உடன் வந்த அக்ரிவ் டிரெக்ரறியும், யாவரும் விலையின்றிப் பெறத்தக்க ஓப்பின் எல்டாப்பும் இந்நெறிமுறையிலேயே பேசுகின்றன.

அடைவிலுள்ள பதிவுகள் மரமொன்றன் கிளைகள் போல அமைந்தவை. கடித உறையில் ஆளின் பெயர், ஊர், மாவட்டம், நாடு எனச் சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லுதல் போல, ஒவ்வொரு பதிவுக்கும் உரிய முழுப்பெயரும் இலையிலிருந்து வேர்நோக்கி எழுதப்படும். சேவைபெறுநன் முதலில் 389 என்னும் துறையிலேனும், மறையீட்டுடன் 636 என்னும் துறையிலேனும் இணைப்பை ஏற்படுத்தும், பின்னர்த் தான் இன்னார் என்று நிறுவும், அதன்மேல் தேடும். ஒவ்வொரு வினாவும் ஓர் எண் தாங்கிச் செல்லும். விடையும் அவ்வெண்ணையே தாங்கி மீளும். பல வினாக்கள் ஒருங்கே சென்று விடைகள் முன்பின்னாக வரினும், எவ்விடை எவ்வினாவிற்கு உரியது என்பது இதனால் மயங்காது. சுழியம் என்னும் எண் மாத்திரம் சேவையகத்திற்கென ஒதுக்கப்பட்டது. ‘இணைப்பைத் துண்டிக்கின்றேன்’ என்பது போலக் கேளாதே கூறும் அறிவித்தல் அவ்வெண்ணுடன் வரும்.

2. யார் கூறிய விடை?

பிழைச் செய்தி ஒன்று வருமிடத்து நாம் முதற்கண் வினாவ வேண்டுவது, ‘இதனைக் கூறியவர் யார்?’ என்பதாம். சேவையகம் கூறும் விடைகளுக்கு எண்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. 0 என்பது வெற்றி. 49 என்பது அடையாளம் பொருந்தவில்லை. 50 என்பது உரிமை போதாது. 51 என்பது வேலை மிகுதி. 52 என்பது இப்பொழுது பணிசெய்ய இயலாது. இவை யாவும் சேவையகம் உயிரோடிருந்து தந்த விடைகள்.

வேறு சில எண்கள் உள. விண்டோஸ் பொறிகளிற் காணப்படும் 81உம் 85உம், ஓப்பின் எல்டாப் நூலகம் காட்டும் -1உம் -5உம் அத்தகையன. இவற்றுள் முன்னவை சேவையகத்தை எட்டவில்லை என்பதையும், பின்னவை காலங் கடந்தது என்பதையும் குறிக்கும். இவற்றைச் சேவையகம் கூறவில்லை. சேவைபெறுநனோடு உடனுறையும் நூலகமே விடை வாராமை கண்டு தானாகக் கூறிற்று. வாசலிற் சென்று கூப்பிட்டவனுக்கு வீட்டுக்காரர் ‘அவர் இங்கில்லை’ என்று கூறுதல் வேறு. படலை பூட்டிக் கிடத்தலைக் கண்டு அவன் திரும்பி வருதல் வேறு. படலை பூட்டிக் கிடந்தமைகொண்டு அவ்வீட்டில் அப்பெயருடையார் இல்லை என்று ஊரிற் சொல்லுதல் அறிவுடைமையாகாது.

இவ்விடத்து மாணவர் பலர் மயங்கும் நுட்பமொன்று உண்டு. ஒருவர் பெயரைத் தேடி, அப்பெயர் ஏட்டில் இல்லையாயின், எல்டாப் சேவையகம் தருவது பிழை எண்ணன்று. பதிவு ஒன்றுமின்றி 0 என்னும் வெற்றி எண்ணையே அது தரும். தேடும் வேலை செவ்வனே முடிந்தது, கிடைத்தது ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். 32 என்னும் எண் வருமாயின், தேடத் தொடங்கிய கிளையே மரத்தில் இல்லை என்பது பொருள். பெரும்பாலும் அது கிளையின் பெயரைப் பிழைபட எழுதி வைத்த நிருவாகியின் தவறாகும். அதற்காக மாணவனை ‘நீ இல்லை’ எனல் முறையன்று. ஆகவே, ‘இல்லை’ என்று துணிதற்கு உரிய சான்று ஒன்றே: முழுமையாக நடந்த தேடலும், அதன் வெறுமையான விடையும்.

3. குறைபட்ட விடையும் வெறுங் கடவுச்சொல்லும்

முழுமையாக நடந்த தேடல் என்றோம். முழுமையின்றி முடியும் தேடலும் உண்டு. ஒரு முறையில் இத்துணைப் பதிவுகளே தரப்படும் என்று சேவையகங்கள் எல்லை வகுத்துக்கொள்ளும். அக்ரிவ் டிரெக்ரறி இயல்பாக வகுத்திருக்கும் எல்லை 1000 ஆகும். ஏட்டில் 1400 மாணவர் இருப்பின் அது 1000 பேரைத் தந்து, 4 என்னும் எண்ணையும் உடன்தரும். ‘அளவெல்லை கடந்தது’ என்பது அவ்வெண்ணின் பொருள். அவ்வெண்ணைப் பாராத மென்பொருள், வந்த 1000 பேரே கல்லூரியில் உள்ளார் என்று கொண்டு, எஞ்சிய 400 பேரின் கணக்குகளையும் நூலக உரிமையையும் நீக்கிவிடும். காலவெல்லையைக் குறிக்கும் 3 என்னும் எண்ணிற்கும் இஃதொக்கும். பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்கும் முறை 1999ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுள்ளது. அதனைக் கையாளுதல் வேண்டும். அன்றியும், நேற்று இருந்தாருட் பெரும்பகுதியினர் இன்று காணப்படாராயின், ஒருவரையும் நீக்காது நின்று மனிதரொருவரைக் கேட்கும்படி மென்பொருளை அமைத்தல் வேண்டும்.

இதற்கு மாறான ஆபத்தும் உண்டு. பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டு அடையாளம் நிறுவ முயலின், அதனைப் பெயரறியாதவன் ஒருவனின் வருகையாகக் கொண்டு 0 என்று விடை கூறும் சேவையகங்கள் உள. நெறிமுறை அதற்கு இடந்தருகின்றது. ‘0 வந்தது, ஆதலின் இவன் அவனே’ என்று கொள்ளும் மென்பொருள், யாருடைய பெயரைக் கொண்டும் எவரும் உட்புகக் கதவு திறந்துவிடும். வெறுங் கடவுச்சொல்லை அனுப்பாமலே மறுத்தல் சேவைபெறுநன் கடன்.

4. எழுதும்பொழுது நேரும் ஐயம்

வாசித்தலில் விடை வாராதொழியின் மீண்டும் கேட்கலாம், தீங்கில்லை. எழுதுதலிலோ நிலைமை வேறு. புதிய பதிவொன்றைச் சேர்க்குமாறு கேட்டு விடை வாராதாயின், வினா போய்ச் சேரவில்லையா, வேலை முடிந்து விடைதான் வழியிற் கெட்டதா என்பது தெரியாது. மணியோடர் அனுப்பிப் பற்றுச்சீட்டு வாராதவன் நிலை இதுவே. பணம் போய்ச் சேரவில்லை என்று கொண்டு மறுமுறை அனுப்புதலும், சேர்ந்தது என்று கொண்டு வாளாவிருத்தலும் ஆகிய இரண்டும் தவறு. முதலில் விசாரித்தலே முறை.

அவ்வாறே, காலங் கடந்த எழுத்து வேலைக்குப் பின் சேவைபெறுநன் அப்பதிவை வாசித்துப் பார்த்தல் வேண்டும். வாசிக்காது மீண்டுஞ் சேர்க்குமாயின் 68 என்னும் எண் வரக்கூடும். ‘முன்னரே உள்ளது’ என்பது அதன் பொருள். அது பெரும்பாலும் முதல் முயற்சி வென்றமைக்குச் சான்றேயாம். அன்றியும், ஓர் ஏட்டின் படிகள் பல பொறிகளில் வைக்கப்பட்டிருக்குமிடத்து, ஒரு படியில் எழுதியது மறு படியிற் சேர்தற்குச் சிறிது காலஞ் செல்லும். எழுதிய படியையே வாசித்தல் ஈண்டு நலம்.

5. மீண்டும் கேட்டலின் ஒழுங்கு

தொடர்பு அறுந்ததென்று கண்டவுடன் ஓயாது கேட்டுக்கொண்டிருத்தல் பிறிதொரு பிழை. இலங்கையில் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை யாவரும் அறிவோம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் ஒருங்கே மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய தடைக்குப்பின் மின்சாரம் மீளும்பொழுது, ஒரு நிறுவனத்துக் கணினிகளெல்லாம் ஒரே நொடியில் விழித்து ஒரே சேவையகத்தை வினாவும். எழுந்துகொண்டிருக்கும் சேவையகம் அந்நெருக்கில் மீண்டும் சாயும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இருபத்தைந்து நாள் நிகழும் மகோற்சவத்தின் தேர்த் திருவிழாவன்று வீதியிற் கூடும் சனத்திரள் முழுவதும் ஒரே வாயிலால் ஒரே கணத்திற் புக முயலின் என்னாகும்? தொண்டர்கள் சிறுசிறு கூட்டமாக விடுதலாலன்றோ யாவரும் இனிது வழிபட்டு மீள்கின்றனர். சேவைபெறுநனும் அவ்வாறே ஒழுகுதல் வேண்டும். முதன்முறை தவறின் ஒரு நொடி தாழ்த்தும், பின்னர் இரண்டு, நான்கு, எட்டு எனத் தவணையை இரட்டித்தும் கேட்க வேண்டும். அத்தவணையோடு, ஒவ்வொரு பொறியும் தன்னிச்சையாக எடுத்துக்கொண்ட சிறு கால வேறுபாடொன்றையும் கூட்டுதல் வேண்டும். இல்லையேல் எல்லாப் பொறிகளும் ஒரே தாளத்தில் மீண்டும் மீண்டும் வந்து மோதும். இத்தனை முறைக்குமேற் கேட்பதில்லை என்று ஓர் எல்லையும் வேண்டும்.

பெயரேட்டை எட்ட இயலாமை எவ்வளவு பெரிய தீங்காய் முடியும் என்பதற்கு உலகறிந்த சான்று 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி நிகழ்ந்தது. அன்று பேஸ்புக், வாட்சப், இன்ஸ்ரகிராம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஆறு மணிநேரம் முடங்கின. பராமரிப்பு வேலையிற் பிறந்த தவறான கட்டளை ஒன்று அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. தரவு நிலையங்களோடு பேச இயலாத பெயர்ச் சேவையகங்கள், ‘நாம் நலமுடையேம் அல்லேம்’ என்று கொண்டு, தம்மை அடையும் வழியை உலகிற்கு அறிவித்தலை நிறுத்திக்கொண்டன. பெயர் தெரியாத பொறிகள் யாண்டும் ஓயாது வினாவினமையால், தொடர்பில்லாத பிற நிறுவனங்களின் பெயர்ச் சேவையகங்களும் பன்மடங்கு சுமையைத் தாங்க நேர்ந்தது. ஒருவன் பொறுமையின்மை அயலவனுக்குத் துன்பமாதலை இதனாற் காண்க.

சில விடைகளுக்கு மீண்டும் கேட்டல் அறவே ஆகாது. 51, 52 என்பன காத்திருந்து கேட்கத்தக்கன. 49, 50 என்பன அவ்வாறல்ல. உதாரணமாக எடுரோம் என்னும் ஏற்பாட்டை நோக்குவாம். இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பாகிய லேர்ண் இதனை இந்நாட்டில் நடாத்துகின்றது. இதில் இணைந்த பல்கலைக்கழகமொன்றின் மாணவன் மற்றொரு பல்கலைக்கழகத்திற்குச் சென்றாலும், தன் சொந்தக் கடவுச்சொல்லாலேயே கம்பியில்லா இணைப்பைப் பெறுவான். அவன் கைத்தொலைபேசியின் வினா இடைப்பட்ட பொறிகளைக் கடந்து அவனது தாய்ப் பல்கலைக்கழகத்து அடைவைச் சேர்ந்து மீள்கின்றது. அவன் கடவுச்சொல்லை மாற்றியும் கைத்தொலைபேசியில் மாற்றாது விட்டால், அது பழைய சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்பும். பல முறை தவறியமை கண்ட அடைவு, கள்வன் முயல்கின்றான் என்று கருதிக் கணக்கைப் பூட்டிவிடும். பொருந்தவில்லை என்ற விடை வந்தால் நின்று மனிதனைக் கேட்பதே தக்கது.

6. செத்த இணைப்பு, சான்றிதழ், கடிகாரம்

ஒவ்வொரு வினாவுக்கும் புதிய இணைப்பு எடுத்தல் வீண்செலவாதலின், சேவைபெறுநன் திறந்த இணைப்புகளைச் சேமித்து வைத்தல் வழக்கம். நெடுநேரம் பேசாதிருக்கும் இணைப்பைச் சேவையகம் மூடிவிடும். அக்ரிவ் டிரெக்ரறி இயல்பாகக் கொள்ளும் எல்லை 900 நொடி. இடையிலுள்ள தீச்சுவர்களோ ஒருவருக்கும் அறிவியாமலே இணைப்பை மறந்துவிடும். மதிய உணவுக்குப்பின் வரும் முதல் வினா மாத்திரம் தவறுதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வாசிக்கும் வினாவாயின், இணைப்பைப் புதிதாய்த் திறந்து ஒருமுறை மீண்டுங் கேட்டல் போதும்.

மறையீட்டு இணைப்பிற் சேவையகம் தன் சான்றிதழைக் காட்டும். அது காலாவதியானாலும், அதிலுள்ள பெயர் வேறுபட்டாலும் சேவைபெறுநன் இணைய மறுத்தல் வேண்டும். அவசரத்தில் ‘சான்றிதழைப் பாராதே’ என்று அமைத்துவிடுதல் எளிது. ஆயின், அன்றுமுதல் இடைநின்று கடவுச்சொற்களைக் கவர்வானுக்கும் அக்கதவு திறந்தே கிடக்கும். சான்றிதழைப் புதுப்பித்தலே உரிய பரிகாரம்.

கடிகாரமும் கவனிக்கத்தக்கது. நல்லூரிற் பூசைகள் மணி தவறாது நிகழ்தல் யாவரும் அறிந்தது; அதனைக் கொண்டு கைக்கடிகாரத்தைத் திருத்துதலுங் கூடும். அக்ரிவ் டிரெக்ரறி கையாளும் கேர்பெரோஸ் என்னும் அடையாள முறை, இரு பொறிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபடின் கடவுச்சொல் சரியாயிருப்பினும் மறுத்துவிடும். நெடிய மின்வெட்டின்பின் பழைய கணினிகளின் கடிகாரம் பிந்துதல் உண்டாதலின், இதனையும் சோதித்தல் வேண்டும்.

7. நம் பெயர்களும் அவ்வேடும்

கம்பி அறாதிருந்தும் பேச்சு முறிதல் உண்டு. எல்டாப் நியமத்தின்படி ‘ஆள்’ என்னும் பதிவுக்கு இரண்டு பெயர்கள் கட்டாயம்: வழங்கும் பெயரும் குடும்பப் பெயரும். யாழ்ப்பாணத் தமிழரிற் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் என்பதில்லை. தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைத்து எழுதுவதே நம் மரபு. குடும்பப் பெயரை வெறுமையாக விடின் சேவையகம் 65 என்னும் எண்ணுடன் பதிவை மறுக்கும். ஒரு மென்பொருள் தந்தை பெயரையும் மற்றொன்று மாணவன் பெயரையும் அவ்விடத்து இடுமாயின், ஒருவனே இருவராவான். எதனை இடுவது என்பதை நிறுவனம் முழுவதற்கும் ஒருமுறை தீர்மானித்து எழுதி வைத்தல் வேண்டும்.

எழுத்திலும் மயக்கம் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நியமப்படி நடக்கும் சேவையகம் இவற்றை ஒன்றாக்கி ஒப்பிடும். தானே ஒப்பிடும் சேவைபெறுநன் இவற்றை வேறெனக் கொள்ளக்கூடும். ‘ஸ்ரீ’ என்பதன் நிலை இதனினும் நுண்ணிது. அதனை ஸகரங்கொண்டும் எழுதலாம். 2005ஆம் ஆண்டில் யூனிக்கோட்டிற் சேர்ந்த ஶகரங்கொண்டும் எழுதலாம். உருவம் ஒன்றாயினும் இவற்றை ஒன்றாக்கும் விதி அந்நியமத்தில் இல்லை. ஸ்ரீதரன் என்னும் பெயருடையான் தேடப்பட்டும் அகப்படாமைக்கு இது காரணமாதல் கூடும். இதனைத் தமிழறிந்த இளைஞரே கண்டு திருத்துதல் இயலும்.

8. சோதிக்கும் முறை

பிழை நேர்ந்துழிச் சோதிக்கும் ஒழுங்கைத் தொகுத்துக் கூறுவாம். சேவையகத்தின் பெயர் முகவரியாக மாறுகின்றதா என்று முதலிற் காண்க. பின்னர்த் துறை திறந்துள்ளதா, சான்றிதழ் செல்லுமா, கடிகாரம் ஒத்துளதா, அடையாளம் ஏற்கப்படுகின்றதா, தேடும் கிளை சரியா, விடை முழுமையா என்று ஒவ்வொரு படியாக ஏறுக. கீழ்ப்படியைச் சோதியாது மேற்படியை மாற்றுதல் நோய் நாடாது மருந்து கொடுத்தலை ஒக்கும். ஒவ்வொரு முயற்சியின் நேரம், எண், சேவையகத்தின் பெயர் என்பவற்றைக் குறிப்பேட்டிற் பதிக. கடவுச்சொல்லை ஒருபோதும் பதியற்க. பயன்படுத்துவார்க்குக் காட்டும் செய்தி உண்மையாயிருத்தல் வேண்டும். ‘ஏட்டை இப்பொழுது எட்ட இயலவில்லை, உங்கள் பதிவு அழியவில்லை, சிறிது தாழ்த்து முயல்க’ என்று தமிழிற் கூறும் ஒரு வரி, அல்லலுறும் மாணவனுக்குப் பேருதவியாம்.

நல்லூர்ப் பிரதேசத்துத் திருநெல்வேலியில் விளங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டில் வளாகமாகத் தோன்றி 1979ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கும் பிறநாட்டிலும் கணினிக் கல்வி பயின்று, மென்பொருள் இயற்றுதலைத் தொழிலாகக் கொண்ட பழைய மாணவர் நம்மிடை உளர். அவர்தம் கையில் இன்று பல்லாயிரவர் பெயர்கள் ஒப்படைக்கப்பட்டுள்ளன. இடாப்பிற் பெயர் கூப்பிட்டபோது பிள்ளையின் குரல் கேளாதாயின், நல்லாசிரியர் உடனே வரவில்லை என்று குறியிடார். தலைநிமிர்ந்து வகுப்பை ஒருமுறை நோக்குவார். அந்நோக்கைப் பொறிக்கும் கற்பித்தல் நம்மவர் கடனாகும். ஒருவர் பெயரை ‘இல்லை’ என்று நீக்குமுன் உண்மையில் விடை பெற்றோமா என்று வினாவும் பழக்கத்தை நம் மாணவர் இளமையிலேயே கைக்கொள்வாராக.